முதல் கப்பல் ஏறுமுன்: கடலில் வானிலைக் குறிப்பு எடுப்பது எப்படி

மும்பையில் தாராவி 90 அடி சாலைப் பக்கமும் மாட்டுங்காவிலும் அறை எடுத்துத் தங்கி, கப்பலில் வேலைக்குச் சேரும் சைன்-ஆன் தேதிக்காகக் காத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருப்பார்கள். டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகப் போகிறவர்கள் ரேடார் பற்றிக் கேட்பார்கள், கேப்டன்கள் பற்றிக் கேட்பார்கள், சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். வானிலைக் குறிப்பு எப்படி எடுப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கப்பல் ஏறிய முதல் வாரத்திலேயே அந்த வேலை உங்கள் கைக்கு வந்துவிடும். அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

வேலை இதுதான். குறிப்பிட்ட நேரங்களில் காற்று, காற்றழுத்தம், வெப்பநிலை, அலை, மேகம் எல்லாவற்றையும் பார்த்து, எண்களாக மாற்றிக் கரைக்கு அனுப்ப வேண்டும். உலக வானிலை அமைப்பின் கீழ் இதைத் தன்னார்வமாகச் செய்யும் வணிகக் கப்பல்கள் பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் அந்தக் கப்பல்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை சேர்த்துக்கொள்கிறது. 1853-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய கடல்சார் மாநாட்டில்தான் எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலை எழுத வேண்டும் என்று முதலில் பேசி முடிவெடுத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். மேகத்தையும் கடல் மேற்பரப்புக் காற்றையும் செயற்கைக்கோள் பார்த்துவிடும். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை மட்டும் மேலிருந்து சரியாக அளக்க முடிவதில்லை. அதைக் கடலிலேயே இருக்கும் ஒரு கருவிதான் சொல்ல வேண்டும். ஒன்று கப்பல், இல்லையென்றால் மிதவை.

மும்பைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். 2005 ஜூலை 26 மழையில் சாந்தாக்ரூஸ் நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவு செய்தது. அதே நேரத்தில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே நகரத்துக்குள். கொலாபாவில் மட்டும் நிலையம் இருந்திருந்தால், அன்று என்ன நடந்தது என்று ஏட்டில் இருந்திருக்காது. கடலிலோ ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் தண்ணீர். அந்த இடத்தில் நீங்கள் எழுதும் எண்ணை ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முதலில் மணி

வானிலைக் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. முக்கிய நேரங்கள் 00, 06, 12, 18. நம் நேரத்தில் காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30. இடையில் 03, 09, 15, 21 மணிக்கும் எடுக்கலாம். "காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் இவ்வளவு மழை" என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அந்த 8.30 வேறொன்றும் இல்லை, யூடிசி 03 மணிதான். கப்பலின் கடிகாரம் தேசத்துக்குத் தேசம் மாறும், யூடிசி மாறாது. தலையைக் குழப்பிக்கொள்ளாமல் கையில் ஒரு சின்னக் கடிகாரத்தை யூடிசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குறித்த மணிக்குப் பத்து நிமிடம் முன்பு பிரிட்ஜ் விங்கில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்தின் திறந்த பக்கவாட்டில் போய் நில்லுங்கள். இரவுக் காவல் முறை (வாட்ச்) என்றால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். கண் இருட்டுக்குப் பழகாமல் மேகத்தையும் அலையையும் பார்க்க முடியாது. வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரைக் கடைசியாக, சரியாக அந்த மணிக்குப் படியுங்கள்.

பாரோமீட்டர்

எல்லா எண்களிலும் இதுதான் விலை உயர்ந்தது. தவறும் இதில்தான் அதிகம் வருகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். சுமார் எட்டரை மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல கைபேசிகளிலேயே பாரோமீட்டர் உண்டு, அதற்கான செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மும்பையில் உயரமான கட்டடத்துக்கா பஞ்சம்? தெரிந்தவர் வீடு பத்தாவது மாடியில் இருந்தால், கீழே ஒருமுறை பார்த்துவிட்டு லிப்ட்டில் ஏறி மேலே இன்னொருமுறை பாருங்கள். மூன்று, மூன்றரை குறைந்திருக்கும். புத்தகத்தில் பத்து முறை படிப்பதைவிட இந்த ஒரு லிப்ட் பயணம் மனதில் நிற்கும்.

பிரிட்ஜும் அப்படி ஒரு மாடிதான். அதனால் கருவி காட்டும் எண்ணோடு உயரத்துக்கான திருத்தத்தைக் கூட்டி, கடல் மட்ட அழுத்தமாக மாற்றி எழுத வேண்டும். என் முதல் கப்பலில் பாரோமீட்டர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்தில் இருந்தது. திருத்தம் 3 ஹெக்டோபாஸ்கலுக்குக் கொஞ்சம் குறைவு. கருவியில் பார்த்த 1003-ஐ அப்படியே எழுதிவிட்டேன். செகண்ட் மேட், அதாவது கப்பலின் இரண்டாம் துணை அதிகாரி, தூத்துக்குடிக்காரர். பென்சிலை அந்த எண்ணின் மேல் வைத்தார். "தம்பி, கடல்ல இல்லாத ஒரு தாழ்வ நீ இங்க உண்டாக்கிட்ட, பாத்தியா? டெல்லில உக்காந்து வரைபடம் போடுறவருக்கு நீ சொல்றதுதான் கடல்" என்றார். அழிக்க விடவில்லை. ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 1006 என்று எழுதச் சொன்னார். அந்த 3 ஹெக்டோபாஸ்கல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கீழே புயல் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இன்னொன்று. சரக்கு ஏற்றிய கப்பல் தாழ்ந்து நிற்கும், சரக்கில்லாமல் பாலாஸ்ட் நீரோடு வரும் கப்பல் உயர்ந்து நிற்கும். அதில் பிரிட்ஜின் உயரமும் சில மீட்டர் மாறும். துறைமுகம் விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மிதப்பு ஆழத்தைப் பார்த்துத் திருத்தத்தைப் புதிதாகப் போடுங்கள். மின்னணுக் கருவி தானே திருத்திக்கொள்கிறது என்றால், எந்த உயரத்தை அதில் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரட்டைத் திருத்தமும் நடந்துவிடுவது உண்டு.

வெப்பக் கடல்களில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணிவாக்கில் உச்சம்; விடியற்காலை 4, மாலை 4 மணிவாக்கில் தாழ்வு. அறையில் படுத்துக்கொண்டே கைபேசியில் இரண்டு நாள் குறித்துப் பாருங்கள், அந்த ஏற்ற இறக்கம் தெரியும். இந்த ஒழுங்கு கண்ணுக்குப் பழகினால்தான் அது கெடும்போது உங்களுக்குப் பிடிபடும்.

காற்று

காற்றின் திசை என்பது அது வரும் திசை. இதில் நம் மக்களுக்குக் குழப்பமே வரக்கூடாது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்று வரும் திசையை வைத்தே பெயர் சொன்னவர்கள் நாம். நீரோட்டம் மட்டும் நேர்மாறு, அது போகும் திசையை எழுத வேண்டும். அலைக்குக் காற்றைப் போலவே வரும் திசை.

ஓடும் கப்பலில் முகத்தில் படும் காற்று உண்மைக் காற்று ஆகாது. கப்பல் வடக்கே 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) வேகத்தில் போகிறது, காற்றை அளக்கும் அனிமோமீட்டர் நேர் முன்னாலிருந்து 20 காட்டுகிறது என்றால், உண்மைக் காற்று வடக்கிலிருந்து 8 நாட்தான். மீதி 12 கப்பல் ஓடுவதால் வந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தால் முக்கோணம் வரைந்து கணக்குப் போட வேண்டும். பிரிட்ஜில் இதற்கு அட்டவணை இருக்கும், மென்பொருளும் உண்டு. இருந்தாலும் ஆரம்பத்தில் சில நாள் கையால் வரையுங்கள்.

இதில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. கப்பல் வடக்கே 15 நாட் வேகத்தில் போகிறது, உண்மைக் காற்று தெற்கிலிருந்து அதே 15 நாட். விங்கில் நின்றால் ஒரு அசைவும் இருக்காது, புகைபோக்கியின் புகை நேராக மேலே போகும். 'காற்று இல்லை' என்று எழுதத் தோன்றும். கடலைப் பாருங்கள். வெள்ளை நுரை முடிகள் ஆங்காங்கே உடைந்துகொண்டிருந்தால் அங்கே காற்று இருக்கிறது. அலைமுடிகள் நீளவாக்கில் ஓடும் கோட்டுக்குச் செங்குத்தாகக் காற்றின் திசை.

கடலைப் பார்த்தே காற்றின் வேகம் சொல்ல 1805-ல் பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த 0 முதல் 12 வரையான அளவுதான் அடிப்படை. முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சில படிகளைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை முடி தெரிந்தால் 3, அதாவது 7 முதல் 10 நாட். அடிக்கடி தெரிந்தால் 4, கடல் எங்கும் தெரிந்தால் 5. பெரிய அலை எழுந்து நுரை முகடு பரவலானால் 6. நுரை காற்றுவாக்கில் கோடு கோடாக இழுபடத் தொடங்கினால் 7. அலைமுகடு உடைந்து சாரலாகப் பறக்கத் தொடங்கினால் 8. அது 34 நாட். இந்திய வானிலைத் துறை ஒரு சுழற்சியைப் புயல் என்று அழைக்கத் தொடங்குவதும் அதே 34 நாட்டில்தான்.

வாடையும் சோழகமும் தெரியாத புத்தகக் கேடட்டைவிட, அப்பாவோடு வள்ளத்தில் போய்வந்த பிள்ளை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

மரைன் டிரைவில் ஒரு வாரம்

கப்பல் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். சர்ச்கேட்டில் இறங்கி நடந்தால் கடல் வந்துவிடுகிறது. ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். காலை 11.30-க்கும் மாலை 5.30-க்கும் போய் எழுதுங்கள். கோடைக் காலையில் நிலத்திலிருந்து வந்த காற்று பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் கடற்காற்றாக மாறுவதை நேரிலேயே பார்க்கலாம். நரிமன் பாயின்ட் முனையிலிருந்து எதிரே மலபார் ஹில்லின் கடைசி முனை சுமார் 3 கிலோமீட்டர். அது தெளிவாகத் தெரிகிறதா, மங்கலா, மறைந்தே விட்டதா என்று குறித்துப் பழகினால் பார்வைத் தூரம் பாதி வந்துவிட்டது. மழைக்காலத்தில் சுவருக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், கான்கிரீட் கட்டைகளின் மேல் இறங்கவே கூடாது. கடல் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துவிடும். அந்த நாட்களில் நடைபாதைக்கே போக வேண்டாம்.

அலை

அலையில் இரண்டு வகை. இங்கே, இப்போது அடிக்கும் காற்று எழுப்புவது ஒன்று: குட்டையாக, முடி உடைந்து, காற்றின் திசையிலேயே வரும். எங்கோ தூரத்தில் அடித்த காற்று அனுப்பியது இன்னொன்று, அதைக் கப்பலில் ஸ்வெல் என்போம். முகடு உருண்டு, நீளமாக, நிதானமாக வரும், காற்றே இல்லாத நாளிலும் கப்பலை ஆட்டும். குமரி, கேரளக் கரைகளில் வானம் தெளிந்திருக்கும்போதே திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வருவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் பல நாள் முன்பு எழுந்த ஸ்வெல்தான் அது. அதனால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், கலக்கக் கூடாது.

கால இடைவெளி எடுக்க, கப்பலை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு நுரைத் திட்டைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஒரு முகட்டில் ஏறும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, அடுத்த முகட்டில் ஏறும்போது நிறுத்துங்கள். திட்டு கலைந்தால் வேறொன்று. பத்துப் பதினைந்து அலை எடுத்துச் சராசரி போடுங்கள். உயரத்துக்கு, நன்றாக எழும் பெரிய அலைகளின் சராசரியை எழுத வேண்டும், எல்லா அலைகளின் சராசரியை அல்ல. பிரிட்ஜ் உயரத்திலிருந்து அலை சின்னதாகத் தெரியும். கீழ் டெக்கில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் கண் சரியாகிவிடும். குறியீட்டில் உயரம் அரை மீட்டர் கணக்கு: 2 மீட்டர் என்றால் 04. புதிதாக வருகிறவர்கள் 02 என்று எழுதி அலையைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

வெப்பம், ஈரம், கடல்நீர், வானம்

வெப்பமானியைக் காற்று நேராகப் படும் பக்கத்து விங்கில் வைத்துப் பாருங்கள். சுவரின் சூடும் வெயிலும் அதில் படக்கூடாது. காற்றின் ஈரத்தை அறிய, குமிழில் நனைந்த துணி சுற்றிய வெப்பமானிக்கு ஈரக்குமிழ் வெப்பமானி என்று பெயர். அதன் துணியில் உப்பு ஏறினால் எண் கெட்டுப்போகும். வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் துணியை மாற்றுங்கள், வடித்த நீரையே பயன்படுத்துங்கள். சுழற்றும் வகை என்றால், சுழற்றி நிறுத்தியதும் ஈரக்குமிழை முதலில் படிக்க வேண்டும், நின்ற மறுகணமே அது ஏறத் தொடங்கிவிடும்.

கடல்நீரைப் பழைய முறையில் வாளி விட்டு எடுக்கலாம். கழிவுநீர் விழும் துளைக்கு முன்பக்கமாக வாளியை இறக்குங்கள். உயரமான கன்டெய்னர் கப்பல்களில் இது நடக்காது, இன்ஜின் அறையில் நீர் உள்ளே வரும் குழாயின் வெப்பநிலையைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த முறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்ஜின் குழாயில் எண் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம்.

மேகத்துக்கு வானத்தை எட்டாகப் பிரித்து, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரவில் நட்சத்திரம் தெரியாத பங்கை எண்ணுங்கள். மேக வகைக்குப் பிரிட்ஜில் படப்புத்தகம் இருக்கும், பழகப் பழக வரும். பார்வைத் தூரத்துக்குத் தொடுவானம் உதவும். 24 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 10 கடல்மைல். அந்தக் கோடு கூர்மையாகத் தெரிந்தால் குறைந்தது அவ்வளவு தூரம் தெளிவு. எதிரே ஒரு கப்பல் முதலில் கண்ணில் படும்போது ரேடாரில் அதன் தூரத்தைப் பார்ப்பதும் நல்ல வழி.

எண்களாக மாற்றுவது

இப்போது பெரும்பாலும் கணினியில் கட்டங்களை நிரப்பினால் அதுவே குறியீடாக்கிவிடும். டச்சு வானிலை நிறுவனத்தின் டர்போவின் (TurboWin) என்ற மென்பொருள் பல கப்பல்களில் உண்டு. ஆனாலும் அனுப்புமுன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 17064 என்றால் 17-ம் தேதி, யூடிசி 06 மணி, கடைசி 4 என்பது காற்றைக் கருவியால் நாட் கணக்கில் அளந்தோம் என்பது. கண்ணால் கணித்திருந்தால் அது 3. 99182, 10715 என்றால் அட்சம் 18.2, தீர்க்கம் 71.5. அங்கே முதலில் நிற்கும் 1, வடக்கும் கிழக்கும் என்று சொல்கிறது. அதாவது மும்பைக்குத் தென்மேற்கே அரபிக்கடலில். 52415 என்றால் எட்டில் ஐந்து பங்கு மேகம், 240 பாகையிலிருந்து 15 நாட் காற்று. 40065 என்றால் 1006.5 ஹெக்டோபாஸ்கல். 10715-ல் முதலில் நிற்கும் அந்த 1 பிசகினால் உங்கள் கப்பல் வேறொரு பெருங்கடலுக்குப் போய்விடும். அதை இரண்டு முறை பாருங்கள்.

இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்பு வழியாக 41 என்ற குறியீட்டு எண்ணில் அனுப்பும் வானிலைச் செய்திக்குக் கப்பலுக்குக் கட்டணம் கிடையாது. பெற்றுக்கொள்ளும் நாடு செலுத்திவிடும். செலவாகுமே என்று யாராவது தயங்கினால் இதை மரியாதையோடு சொல்லுங்கள்.

ஒரு மதிப்பு எடுக்க முடியாமல் போனால் அந்த இடத்தைச் சாய்கோடு போட்டு விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முந்தைய வாட்சின் எண்ணைப் பார்த்து எழுதுவது, முன்னறிவிப்பில் படித்ததை எழுதுவது, இந்த இரண்டும் கூடவே கூடாது. முன்னறிவிப்பை வைத்து எழுதினால், அது தவறாக இருக்கும் நாளில் தவறு என்று சொல்ல ஆளே இருக்காது.

அழுத்தம் விழுந்தால்

அந்தப் பருவத்துக்கும் அந்த மணிக்கும் இருக்க வேண்டிய அளவைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் உஷாராக வேண்டும். 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். உயரத் திருத்தத்தை மறந்த நான் எழுதிய பிழையும் அதே 3 தான்.

வடகோளத்தில் காற்றை எதிர்கொண்டு நின்று வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். கை காட்டும் திசையிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ தாழ்வின் மையம் இருக்கும். தென்கோளத்தில் இடது கை. பார்த்ததும் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள். வெப்பமண்டலப் புயலைக் கண்டாலும், எச்சரிக்கை வராத இடத்தில் போஃபோர்ட் 10-ம் அதற்கு மேலும் காற்று அடித்தாலும், சுற்றியுள்ள கப்பல்களுக்கும் கரைக்கும் தெரிவிப்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கைப்படி கேப்டனின் கடமை. புயலின் பிடியில் இருக்கும்வரை முடிந்தால் மணிக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.

2017 நவம்பர் 30-ல் ஓகி குமரிக்கு அருகில் உருவாகி, கரைக்கு மிகப் பக்கத்திலேயே வேகமாக வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் அப்போது ஆழ்கடலில் இருந்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் புயல் அரபிக்கடலைச் சுற்றி வந்து டிசம்பர் 5-ல் மும்பையில் மழை கொட்டி, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதே ஊர்ப் படகுகள் இன்றும் குஜராத் கடல்வரை வந்து வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கின்றன. நீங்கள் மும்பையிலிருந்து கிளம்பினால் போகும் வழியிலேயே அவர்களைப் பார்ப்பீர்கள். வட இந்தியப் பெருங்கடலின் புயல் எச்சரிக்கை டெல்லியிலிருந்து போகிறது. அந்த வரைபடத்தில் உங்கள் எண் விழும் இடம் அந்தப் படகுக்குப் பத்துக் கடல்மைல் தள்ளிக்கூட இருக்கலாம்.

மஞ்சள் மிதவைகளும் வழியில் தென்படும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நங்கூரமிட்டு நிறுத்தியவை. காற்று, அழுத்தம், நீரின் வெப்பம் எல்லாவற்றையும் ஆளில்லாமல் அளந்து அனுப்புகின்றன. அடியில் மீன் கூடும் என்பதால் படகை அதில் கட்டுகிறார்கள், கருவி உடைந்துவிடுகிறது. வீட்டில் மீன்பிடிக்கப் போகும் அண்ணன், மாமா இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள்.

துறைமுகம் விட்டுக் கிளம்புமுன் இன்னும் ஒரு வேலை. மும்பைத் துறைமுகத்தில் வானிலைத் துறையின் துறைமுக அலுவலகம் இருக்கிறது. கப்பல்களின் பாரோமீட்டரை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், பதிவேடும் குறியீட்டுப் புத்தகமும் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, செகண்ட் மேட்டின் அனுமதியோடு அவர்களை வரச் சொல்லிக் கேளுங்கள். பாரோமீட்டரைக் கடைசியாக என்று சரிபார்த்தார்கள், எவ்வளவு பிழை, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டுங்கள். ஈரக்குமிழுக்கு நாலைந்து துணி கூடுதலாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், நடுக்கடலில் அது கிடைக்காது.